இடது துடுப்பு

கிளப்பில் இருந்த பின்பால் என்ற பந்து விளையாட்டு மெஷினில் ஆடித் தோற்கும்போதெல்லாம் செயலாளர் பாக்கியநாதன் அதன் இடது துடுப்பைத்தான் திட்டுவார். பட்டனை அழுத்தினால் எழுந்து, உருண்டு வரும் பந்தைக் கீழே விழாமல் தட்டவேண்டிய அது பாதியிலேயே துவண்டுவிடுவதும் உண்மைதான். போன வருஷம் அத்தனை பேர் முன்னாலும், "பொம்பள கைவெச்சா இப்படித்தான்" என்று மெக்கானிக் எப்சிபாவை வெளியே அனுப்பினார். அடுத்து வந்த மூன்று ஆண்களுக்கும் கோளாறு பிடிபடவில்லை. இன்று அவளையே கூப்பிட வேண்டியதாயிற்று.

கருகியிருந்த சுவிட்ச் முனைகளை அவள் அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தாள். ஒரு திருகைத் தளர்த்திவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் கை குறுகுறுத்தது. கூடாது. அந்த ஆளுக்கு ஒரு சாக்குகூட மிச்சம் இருக்கக் கூடாது. இறுக்கி முடுக்கினாள்.

"ஆடுங்க சார்."

எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். முதல் பந்து தட்டுப்படாமல் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவர் பட்டனை அழுத்திய நொடியிலேயே துடுப்பு பளாரென்று எழுந்தது. அவர் அழுத்துவதற்குள் பந்துதான் துடுப்பைத் தாண்டிப் போயிருந்தது. மூன்றாவதும் போனபின் அவர் நிமிராமலே மெல்லக் கேட்டார்.

"வலது பக்கம் பாத்தியாம்மா?"

"அதையும் பாத்துட்டேன் சார்," என்றாள் எப்சிபா, எல்லோருக்கும் கேட்கும்படி.