ஓடாத எலி

மருந்து எலி காலையில் இரண்டு மணி நேரம் சக்கரத்தில் ஓடினால்தான் அரங்கண்ணலுக்கு அன்றைக்கு மனைவியின் பெயர் ஞாபகம் இருக்கும். ஓட ஓட அதன் மூளையில் ஊறும் மருந்தைக் கூண்டே ஒரு சொட்டாக இறக்கித் தரும். தில்லைநாயகி அதைக் கணவரின் நாக்கில் விடுவாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இப்படித்தான் பொழுது விடிகிறது. அவர் உடம்புக்குப் பொருந்திய எலி அது ஒன்றுதான்.

அன்றைக்கு எலி ஓடவில்லை. சக்கரத்தில் ஏறி நாலு அடி வைத்துவிட்டு, மூச்சு வாங்கப் படுத்துக்கொண்டது. முதுகில் முடி கொட்டியிருந்தது. முரண்டு பிடிக்கும் எலிக்கென்று கூண்டில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் ஷாக் அடிக்கும். அவள் இதுவரை அதைத் தொட்டதில்லை. இன்று விரலை வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்தது. நேற்றைய சொட்டின் மிச்சம் அரங்கண்ணலிடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

“வேணாம் நாயகி. அதுக்கும் வயசாயிடுச்சு இல்ல? விட்டுடு.”

“விட்டா நாளைக்கு என்னையே யாருன்னு கேப்பீங்க.”

“கேப்பேன். நீ சொல்லு.”

அவள் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டாள். எலி அதில் சுருண்டுகொண்டது.

மறுநாள் காலை அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளையே வெகுநேரம் பார்த்தார். “யாரும்மா நீ?”

பெயரைச் சொல்லத்தான் நினைத்தாள், பார்வை கூண்டுப் பக்கம் போனது. “இந்த எலியைப் பாத்துக்க வந்திருக்கேங்க.”

அவர் கூண்டை எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசும்மா. அது தூங்குது.”