இரும்புக்காரனுக்குப் போன பெட்டி

"ரசம் பொங்கி அடுப்புல ஊத்துது. வீட்டு மருமவ கேம் வெளாடுறா."

அடுப்படியில் சுவரைப் பார்த்துச் சொன்னார் மாமியார் ஜன்னத் பீவி. அறைக்குள் லேப்டாப் முன்னால் இருந்த ரிஃபானாவுக்கு நன்றாகவே கேட்டது.

கேம் இன்னும் தொடங்கவே இல்லை. அதுதான் அவளுக்குக் கவலை.

புருஷன் அசாருதீன் சவூதியில் இருக்கிறான். கல்யாணமாகிச் சேர்ந்து இருந்ததே ஒரு லீவுதான். வெள்ளிக்கிழமை போன் பண்ணினால் "சாப்டியா", "அங்க வெயிலா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். போன வாரம் என்னவோ, பள்ளிக்கூட நாளில் ஓட்டிய கார் ரேஸ் கேமைப் பற்றி ஆரம்பித்தவன் போனை வைக்கவே இல்லை. அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டாள்.

அந்த ரேஸை அவன் அங்கிருந்தும் அவள் இங்கிருந்தும் நெட் வழியாகச் சேர்ந்து ஓட்டலாம் என்று லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டாள். டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டியின் வேலையை அது செய்யும். ஆனால் பெட்டியை எழுப்புகிற பயாஸ் ஃபைல் இல்லாமல் கறுப்புத் திரைதான் வந்தது. நெட்டில் எவரோ போட்டிருந்ததை எடுக்க மனசு ஒப்பவில்லை. அடுத்தவர் பொருள். அவன் ஓட்டிய நம் வீட்டுப் பெட்டியிலிருந்து அந்த ஃபைலை நாமே பென்டிரைவில் எடுத்துக்கொள்வதுதான் முறை. அறந்தாங்கி பஜாரில் பென்டிரைவும் வாங்கியாயிற்று. பெட்டி?

கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டி எங்கே என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"பன்னெண்டாவது பெயிலானேன்னு எங்கம்மா அத பழைய இரும்புக்காரன்ட்ட எடைக்குப் போட்டுட்டாங்க. விடு" என்று வைத்துவிட்டான். அம்மா மேல் அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

கதவைத் திறந்தால் மாமியார்.

"கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்ன பேச்சு? எம்புள்ள படிப்பக் கெடுத்த சனியன், ஒன்னையும் புடிச்சிருச்சா?"

"அந்தப் பெட்டி இருந்தா அதுலேருந்து ஒரு ஃபைல எடுத்து, வெள்ளிக்கிழம அவரும் நானும் சேந்து வெளாடலாம், அவரு நம்மளோட சிரிச்சுப் பேசுவாரு மாமி. நீங்கதான் இரும்புக்காரன்ட்ட போட்டுட்டீங்களாமே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னத் பீவி தன் அறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பழைய நூல் சேலையில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் பாச்சை உருண்டை வாசனையோடு அந்தக் கறுப்புப் பெட்டி. ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ரேஸ் சிடிகூட இருந்தது.

"இரும்புக்காரன்னு சும்மா சொன்னேன். பாஸ் பண்ணிட்டு வரட்டும், கையில குடுப்போம்னு வச்சிருந்தேன். அவன் திரும்பப் பரீட்சை எழுதாமயே பிளேன் ஏறிட்டான்."

ரிஃபானா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்க வேண்டியத எடுத்துக்க. ஒண்ணு மட்டும் செய்யி ரிஃபானா. வெள்ளிக்கிழம வெளாடுறப்ப இந்தக் கதவச் சாத்தாத. அவன் சிரிக்கிறது எனக்கும் கேக்கட்டும்."