நாளைக்கு வருபவர்

“மனைவியை இழந்தவர் இப்படியா பேசுவார்? கொஞ்சம் சோகமா, குரலைத் தாழ்த்திப் பேசுங்க சார்.”

“மாட்டேன் மேடம்.”

“ஏன்?”

“அழறதுக்கு அவனுக்கு வீடு இருக்கு. இங்க அவன் பஸ்ஸைக் கழட்ட வர்றான். குரலைத் தாழ்த்தினா பள்ளத்துக்குள்ள எவன் காதுல விழும்?”

பயிற்சி கொடுக்க வந்தவள் பொறுமையாகச் சிரித்தாள். பஸ் பணிமனையின் மாடி அறை அது. கீழே, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளங்களிலிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது. எதிரே எண்ணெய்க் கறைச் சட்டைகள். ஒவ்வொருவர் கையிலும் அவள் எழுதிக் கொடுத்த ஒரு வண்ண அட்டை.

காலையில் மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

“எங்க மெக்கானிக் ஒருத்தரோட மனைவி தவறிட்டாங்க. நாளைக்கு வேலைக்குத் திரும்பறாரு. போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் வந்தாரு. என்ன பேசறதுன்னு தெரியாம நம்ம ஆளுங்க தள்ளித் தள்ளிப் போனாங்க. கொஞ்ச நாள் பார்த்தாரு, வேலையே வேண்டாம்னு போயிட்டாரு. இவரையும் அப்படி விட்டுடக் கூடாது மேடம்.”

அதற்குத்தான் இந்த நாடகம். நாளைக்கு வருபவராக ஒருவர் நடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொல்லிப் பழக வேண்டும்.

நடிக்க அவள் கூப்பிட்டது இந்த வாயாடியை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டவன் அவன்தான். மற்றவர்கள் வாசலில் தயங்கி நின்றபோது, உதட்டில் விரல் வைத்து, “உஸ்! மேடம் பாடம் நடத்தப் போறாங்க. சத்தம் போடாம உக்காருங்கடா” என்று அதட்டியவனும் அவன்தான். அத்தனை பேரில் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாதவனும் அவன் ஒருவனே.

முதலில் எலெக்ட்ரீஷியன் எழுந்து வந்தார். வயதில் மூத்தவர். அட்டையைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

“உங்க வலி எனக்குப் புரியுது.”

“எப்படிண்ணே புரிஞ்சுது? காலையில அண்ணி உங்களைத் திட்டினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாமே?” என்றான் வாயாடி.

யாரும் சிரிக்கவில்லை. பாடத்தில் ஒன்றிவிட்டார்கள் என்று அவளுக்கு உள்ளூரத் திருப்தி.

அடுத்து வெல்டர். “எது வேணும்னாலும் கேளுங்க. நாங்க இருக்கோம்.”

“இதோ கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. ஒண்ணும் பேச வேண்டாம். எதிர் நாற்காலியில உக்காந்து டிவி பாரு, போதும். அந்த நாற்காலி காலியாக் கிடக்கக் கூடாது. வர்றியா?”

வெல்டர் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“பாருங்க, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு! இதுதான் எம்பதி. அடுத்தவங்க இடத்துல நம்மளை வச்சுப் பார்க்கறது” என்றாள் அவள் உற்சாகமாக. “உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது.”

“ஒரு மார்க் எங்க போச்சு மேடம்? அழுததுக்குக் கழிச்சுட்டீங்களா?”

அவள் அவனை முறைத்துவிட்டு டயர்காரனைக் கூப்பிட்டாள். அவன் அட்டையைப் படிக்கக்கூட இல்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றான்.

“டேய், என் பெரிய ஜாக்கி எங்கடா?”

வாயாடி நிமிர்ந்தான். “எது உன் ஜாக்கி? அது என்னுது.”

“உன்னுதா? உன் பேரு எழுதி ஒட்டியிருக்கா? எங்கயோ ஒளிச்சு வச்சுட்டு ஆளையே காணோம், திருட்டுப் பயலே! மூணாவது பள்ளத்துல ஒரு வண்டி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. கியர் பாக்ஸ். எவன் கை வச்சாலும் கடிக்குது. ஒழுங்கு மரியாதையாக் கீழ வந்து பார்க்கறியா, இல்ல காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகவா?”

வாயாடி மெதுவாக எழுந்து, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டான்.

“வர்றேன்டா. கத்தாதே.”

“நிறுத்துங்க!” என்று அவள் குறுக்கே வந்தாள். “நாளைக்கு அவர்கிட்ட இப்படிப் பேசினீங்கன்னா மனுஷர் நொறுங்கிப் போயிடுவார். உங்களுக்கு ஜீரோ.” பிறகு வாயாடியின் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான் சார். கடைசி வரைக்கும் அந்தப் பாத்திரத்துக்குள்ளயே போகலை. மனைவியை இழந்தவர் எப்படி இருப்பார்னு ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்தீங்களா?”

“மேடம்...” என்று எலெக்ட்ரீஷியன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். “எப்படிப் போகுது மேடம்...” என்று தொடங்கியவர், நடுவில் சட்டைக் கையை மடித்தபடி நின்றவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீயா? நாளைக்குத்தானேப்பா வர்றதாச் சொன்ன?”

“வீட்ல இருக்க முடியல சார், இன்னைக்கே வந்துட்டேன்” என்றான் அவன். “பொண்டாட்டி செத்தவன் எப்படிப் பேசணும்னு மேடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குத்தான் வரமாட்டேங்குது.”