இரவல் மூச்சு

'மறந்திருப்பாய்' என்ற சொல்லின் நடுவில் மூச்சு உடைந்தது. 'மறந்' என்று நின்று, மிச்சத்தை இழுத்து முடித்தாள்.

இசை நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுதர்சனின் குரல் ஹெட்ஃபோனில் வந்தது. ஒரே இசையமைப்பாளரின் பழைய பாடல்களை வேறு குரல்களில் பாடவைத்து யூடியூபில் ஏற்றுகிறவன்.

"நல்லாருக்குக்கா. அந்த மூச்சு மட்டும் வேண்டாமே. அது அந்தம்மாவோடது. காப்பி அடிக்கிறீங்கன்னு கமெண்ட்ல கிழிச்சிருவாங்க."

தண்ணீர் குடித்தாள்.

அந்தம்மா.

பல வருடங்களுக்கு முன் இந்தப் பாடல் உருவானபோது அந்தப் பெரிய பாடகி வெளிநாட்டுக் கச்சேரியில் இருந்தார். அவர் வரும்வரை யாராவது ஒருத்தி பாடிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் ட்ராக். பெரியவர்கள் அதைக் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அழித்துவிடுவார்கள்.

அந்த ஒருத்தி இவள்.

அன்று காய்ச்சல். சொல் முடியும்வரை மூச்சு எட்டவில்லை. இன்னொரு தடவை பாடுகிறேன் சார் என்றாள்.

ட்ராக்தானேம்மா, போதும் என்றார் இசையமைப்பாளர்.

அந்தம்மா வந்தார். கேட்டார். மெட்டோடு காய்ச்சலையும் சேர்த்துப் பாடிவிட்டுப் போனார்.

விமர்சகர்கள் அதை விம்மல் என்று எழுதினார்கள். விருது மேடையில் அந்த வரியை மட்டும் பாடச் சொல்லிக் கேட்டார்கள். இன்றைக்கும் தொலைக்காட்சிப் போட்டிகளில் பாவாடைச் சிறுமிகள் அதே இடத்தில் மூச்சை உடைக்கிறார்கள். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.

"உங்க ஸ்டைல்ல ஒண்ணு குடுங்கக்கா."

பாடினாள்.

அதே இடத்தில் உடைந்தது. இன்று காய்ச்சல் இல்லை.

மறுபடி பாடினாள். அதே இடம்.

மறுபடியும்.

சுதர்சன் நாற்காலியில் சாய்ந்தான். "சரி விடுங்க. வீடியோவுக்குக் கீழ அந்தம்மாவுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டுருவோம். பிரச்சினை முடிஞ்சுது."

"நன்றி எதுக்குங்க?" என்றாள். குரல் ஏறவில்லை. "அவங்க பேரையே போட்டுருங்க. போன தடவையும் அப்படித்தான போட்டாங்க."



கண்ணாடிக்கு அப்பால் அவன் பேசும் பொத்தானில் விரலை வைத்தபடியே இருந்தான். அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மீண்டும் அவளைப் பார்த்தான்.

அவள் மைக்குக்கு நெருங்கி நின்றாள்.

"பாட்டைப் போடு."