மூச்சு வாங்கும் வரை

"டாக்டருக்கு முத்திடுச்சு. செத்த மீனோட பேசிட்டிருக்காரு" என்றான் ஸ்டான், கரையில் உட்கார்ந்து கறி அடைத்த பேஸ்ட்டி ரொட்டியைக் கடித்தபடி.

லோரெட்டா காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அக்டோபர் பனிமூட்டம் ஆற்றை மூடியிருந்தது. முழங்கால் தண்ணீரில் அர்விட் கங்காஸ் குனிந்து நின்றார். தண்ணீருக்குள் இருந்த அவர் கைகளுக்கு நடுவே ஒரு டிரவுட் மீன். அது புரண்டு புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. அவர் நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்தார்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது எங்கள் வழக்கம். நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, அது மூச்சு வாங்கி வாலை உதறும் வரை தாங்க வேண்டும். கொஞ்ச நேரம் போதும். ஸ்டான் பேஸ்ட்டியையே தின்று முடித்துவிட்டான், அர்விட் அசையவில்லை.

போர்முனையில் முதலுதவி பார்த்தவர் அர்விட். முன்னாள் வீரர்களுக்கான எங்கள் தூண்டில் வகுப்பில் எல்லாருக்கும் அவர் 'டாக்டர்'. கோடை முழுக்க லோரெட்டா அவருக்குப் புல்வெளியில் நூல் வீசக் கற்றுக்கொடுத்தாள். வீச்சு அழகாக வந்தது. மீன்தான் வரவில்லை.

"என் கைக்கு வந்தது எதுவும் பொழைச்சதில்ல லோரெட்டா. அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்பார், சிரிக்காமல்.

இந்த வருஷத்து வகுப்பு இன்றோடு முடிகிறது. இன்றும் மீன் வராவிட்டால் தூண்டில் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். போன குளிர்காலத்தில் அப்படி இருந்தவரைக் கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

லோரெட்டா தண்ணீரை நோக்கி நடந்தாள்.

விளிம்பில் வெண்டல் நின்றிருந்தார். முன்பு தபால்காரர்; இப்போது வகுப்புக்கு இறகும் நூலும் வைத்து, மீனை ஏமாற்றும் பொய் ஈக்கள் கட்டித் தருகிறவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது.

"நான்தான் பண்ணேன்" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"காலையிலயே ஒண்ணு பிடிச்சு வலையில வச்சிருந்தேன். அவர் நூல் ஆத்து வளைவுக்கு வந்தப்போ, நாணலுக்குள்ள நின்னு முள்ளுல மாட்டிவிட்டுட்டேன். மூட்டத்துல அவருக்குத் தெரியாதில்ல. ஒண்ணாவது அவர் கைக்கு வரட்டும், உயிரோட விடட்டும்னுதான். மாட்டுறப்போ வால் ஆடின மாதிரிதான் இருந்துச்சு."

"அவருக்குப் போய் செத்த மீனையா குடுத்தீங்க வெண்டல்?"

"அவர் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஏதாவது பண்ணிக்கிட்டா, நான் கொன்னதாத்தானே அர்த்தம்?"

லோரெட்டா ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. அர்விட்டுடையதுதான். ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வகுப்பில் யாரும் கேட்டிராத குரலாக இருந்தது.

"மூச்சை விடு. அப்படித்தான். மெதுவா. கீழ பாக்காத. உன் மேல தப்பில்ல. கேக்குதா? உன் மேல தப்பே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

லோரெட்டா தண்ணீருக்குள் ஓரடி வைத்தாள். இவர் இந்த ஆற்றில் இல்லை. எங்கோ மணலில் மண்டியிட்டு, எப்போதோ போய்விட்ட யாரையோ கையில் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

"அர்விட், போதும். விட்டுடுங்க."

அவர் திரும்பவில்லை.

"பேசாதீங்க லோரெட்டா. வருது."

மூட்டம் இன்னும் இறங்கியது. அவர் நின்ற இடத்தில் வெறும் வெளுப்பு. குரல் மட்டும் வந்தது.

"இன்னொரு மூச்சு. விட்டுடாத. இன்னும் ஒண்ணு."

பிறகு குரலும் நின்றது. லோரெட்டா கையை நீட்டித் துழாவினாள். கையில் ஈரம்தான் ஒட்டியது. ஆறுகூடச் சத்தம் போடாமல் ஓடுவதாகத் தோன்றியது.

பளாரென்று தண்ணீர் அடிபட்டது.

மூட்டம் விலகியபோது அர்விட் நிமிர்ந்து நின்றார். முகமெல்லாம் தண்ணீர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காலி.

"போயிட்டான். என்னமா வாலை அடிச்சான். பாத்தியா வெண்டல்?"

வெண்டல் கூழாங்கற்களின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து வந்தவர்போல் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

ஸ்டான் கைதட்டினான். "செத்ததையே எழுப்பிட்டீங்க டாக்டரே. அப்படியே என் முட்டியையும் கொஞ்சம் பாருங்க."

"உன் முட்டிக்கு ஒண்ணுமில்லடா. மேல இருக்கிற தொப்பையைக் குறை."

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அர்விட் கோலைத் துடைத்துத் தன் வண்டியிலேயே வைத்தார். நெஞ்சு வரை ஏறிய ரப்பர் உடுப்பைக் கழற்ற லோரெட்டா தோள்பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உடுப்புக்குள்ளிருந்து வழுக்கி, அவள் காலடியில் விழுந்தது அந்த டிரவுட்.

அவள் சட்டென்று கரைப் பக்கம் பார்த்தாள். வெண்டல் தூரத்தில்தான் இருந்தார்.

அர்விட் குனிந்து மீனை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"நூலை இழுக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு. உயிருள்ளது இப்படி வராது. மூட்டத்துல யாரு மாட்டிவிட்டிருப்பாங்கன்னு திரும்பிப் பாத்தேன். கேக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்த முகத்துலயே இருந்துச்சு."

"செத்ததுன்னு தெரிஞ்சுமா அவ்வளவு நேரம் அதுகிட்டப் பேசிட்டு நின்னீங்க?"

கரையில் வெண்டல் ஸ்டானின் குவளையை வாங்கிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். அர்விட் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மீன்கிட்ட யாரு பேசினா? அவன்தான் மூச்சு விடாம நின்னுட்டிருந்தான்."