மஞ்சள் போர்வை

“கொத்தனாரே, கரண்டியைக் கீழ வைங்க. அந்தச் சுவத்துல கை வச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

படக்காரர் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். கழுத்தில் கேமரா, அக்குளில் ஒரு பெரிய பொட்டலம். குழைத்து வைத்த சிமென்ட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கொத்தனார், வந்தவரையும் வீட்டுக்காரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்று வருடமாக, மழை தொடங்குவதற்கு முன்னால் படக்காரர் இங்கே வந்துவிடுவார். எதிரே கிடக்கும் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி, அதே இடத்தில் நின்று, இந்த ஒரு சுவரை மட்டும் படமெடுப்பார். வெளுத்துப்போன நீலம், காரை உதிர்ந்த இடங்களில் எட்டிப் பார்க்கும் செங்கல், துருவேறிய ஜன்னல் கம்பி. இப்படி ஒரு நீலத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, வெயிலும் மழையும் சேர்ந்து குழைத்த நீலம் என்பார்.

அவளுக்கு அது வெள்ளையடிக்க வக்கில்லாத சுவர். இருந்தாலும் படித்த மனிதர் ஒருவர் அதைப் புகழும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணா. விரிசல் வளருதுன்னு இவரு பயமுறுத்துறாரு. பூசினா மட்டும் போதாதாம், முட்டும் கொடுக்கணுமாம். மழைக்கு முன்னாடி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடணுமாம்.”

“நான் ஏம்மா பயமுறுத்துறேன்? போன வருஷம் நகம்தான் உள்ள போச்சு. இப்போ பாரு.” கொத்தனார் எழுந்து, ஜன்னலுக்கு மேலிருந்த விரிசலுக்குள் சுட்டுவிரலை நுழைத்துக் காட்டினார். முழு விரலும் உள்ளே போனது.

“கொத்தனாருக்கு வேலை இல்லேன்னா ஊர்ல இருக்கற சுவரெல்லாம் விழத்தானே செய்யும்” என்றார் படக்காரர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொத்தனார் சிரிக்கவில்லை.

படக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே புத்தம் புதிய மஞ்சள் போர்வை.

“பசங்களுக்கு. இந்த மஞ்சளுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? முதல்ல ஒரே ஒரு படம். இதை ஜன்னல்ல போடு தங்கச்சி. பாதி உள்ள, பாதி வெளிய. மடிப்பெல்லாம் எடுக்காதே, அப்படியே தொங்கட்டும்.”

அவள் போட்டாள். அவர் கல்லின் மேல் ஏறி, ஒரு கண்ணை மூடினார். முதல் வருடப் படத்தில் ஒரு குறை இருந்தது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவர் முழுக்க அலைந்தது. இன்று அந்தக் குறை இல்லை. கூரை மூலையிலிருந்து இறங்கிய கறுத்த கோடு, பார்ப்பவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஜன்னலில் விட்டது. அங்கே, அத்தனை நீலத்துக்கும் நடுவில், மஞ்சள்.

கேமரா ‘க்ளிக்’கென்ற சத்தம் கேட்டதும் அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

“அண்ணா, போன வருஷப் படம் உங்ககிட்ட இருக்குமே. அதை வச்சுப் பாத்தா வளந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமே. வளந்திருந்தா இப்பவே மூட்டையைக் கட்டிடறேன்.”

அவர் கல்லிலிருந்து மெதுவாக இறங்கினார். கேமராவின் பொத்தான்களை அழுத்தி, வெயில் படாமல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

“இந்தா. போன வருஷம் எடுத்தது.”

சின்னத் திரை முழுக்க விரிசல். ஓரத்தில் துளி மஞ்சள். அவள் திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். இம்மி வித்தியாசம் இல்லை. கொத்தனாரும் கிட்டே வந்து, கழுத்தை நீட்டி, நெடுநேரம் பார்த்தார்.

“உங்க விரலை நம்புறதா, கேமராவை நம்புறதா?” என்றார் படக்காரர்.

“கண்ணால பாத்த பிறகு நான் என்னத்தைச் சொல்றது? என் விரல்தான் ஒரே வருஷத்துல மெலிஞ்சிடுச்சு போல.” கொத்தனார் சிமென்ட்டைச் சட்டியில் வழித்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “நல்லவேளை. சின்னதுங்க ரெண்டும் அந்த ஜன்னலடியிலதான் படுக்குது. அடுப்படிப் பக்கம் மாத்திடலாம்னு இருந்தேன்.”

“அந்தப் புகையிலயா? வேண்டாம் தங்கச்சி. காத்து வர்ற இடம், அங்கேயே புதுப் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கட்டும்.”

“இனிமே அடுத்த வருஷம்தானா?”

“இல்லே. இந்தத் தடவை முதல் மழை விட்டதுமே வந்து நிப்பேன்.”

அவள் கார் வரை வந்து வழியனுப்பினாள். வளைவு தாண்டியதும் அவர் ஓரமாக நிறுத்தி, போன வருடம் எடுத்த படத்தைத் திறந்தார். அதில் ஜன்னலில் போர்வை இல்லை. விரிசல் ஜன்னலுக்கு வெகு மேலேயே, நூலிழையாய் நின்றிருந்தது.

போன் அடித்தது. அடுத்த மாதக் கண்காட்சியை நடத்துகிறவர்.

“என்னய்யா, எல்லாப் படமும் எடுத்தாச்சா? ஹாலுக்கு ஆணி அடிக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“இருக்கறதை வரிசையா மாட்டச் சொல்லு. கடைசி இடத்தை மட்டும் காலியா விடு” என்றார் படக்காரர். “வீடு இன்னும் விழல.”