எண்பத்தாறு கிலோ அறுநூறு

"மறுபடியும் ஏறியிருக்கு" என்றாள் மாரிவிக். "எண்பத்தாறு கிலோ அறுநூறு."

ரெனான்டே எடைக் கருவியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெர்னாபே சுவரைப் பார்த்தபடி சிரித்தான். அது சிரிப்பு இல்லை.

பெர்னாபேயின் மனைவி லுதிவினாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு. அவளுடைய தம்பி ரெனான்டேயின் சிறுநீரகம் பொருந்துகிறது. ஆனால் அவன் எடை எண்பத்திரண்டுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். உணவு ஆலோசகர் மாரிவிக் திட்டம் போட்டுக் கொடுத்தாள். வாரத்தில் ஐந்து நாள் சோறு, ரொட்டி, இனிப்பு எதுவும் கூடாது. சனி, ஞாயிறு மட்டும் அளவாகச் சோறு.

முதல் ஐந்து வாரத்தில் மூன்றரைக் கிலோ இறங்கியது. அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்று நாள் குறித்தார்கள். அதன் பிறகு மூன்று வாரமாக ஏறிக்கொண்டே போகிறது.

"நாள் குறிச்ச மறுநாள்லேருந்து ஏறுது, பாத்தீங்களா மேடம்?" என்றான் பெர்னாபே.

"கொஞ்சம் இருங்க. ரெனான்டே, ஞாயித்துக்கிழமை எத்தனை கப் சோறு?"

"ரெண்டு."

"உண்மையச் சொல்லுங்க."

"மூணு. பக்கத்து வீட்டுல பன்னி வறுத்தாங்க மேடம். நான் என்ன பண்ண?"

"சரி. சனி, ஞாயிறு ஏறுறதுல பாதி தண்ணிதான். புதன்கிழமைக்குள்ள அது இறங்கிடணும். உங்களுக்கு இறங்கவே இல்ல. அப்ப மத்த நாள்லயும் ஏதோ உள்ள போகுது. சாசேஜ்? அதுல சர்க்கரை சேப்பாங்க."

"அத விட்டு ஒரு மாசமாச்சு."

"தூக்கம்?"

"படகுப் பட்டறையில பத்து மணி நேரம் வெல்டிங் பண்றவனுக்குத் தூக்கம் வராதா மேடம்?"

"காப்பி?"

"அஞ்சு வேளை. வீட்டுல போட்டு ஃபிளாஸ்க்ல கொடுத்தனுப்புவாங்க."

"சர்க்கரை?"

"நீங்க எழுதிக் கொடுத்த டயட் சர்க்கரைதான். வாயில போடுறது எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னீங்களே, அதுவும் இருக்கு."

பையிலிருந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான். மீன் சாஸ், தேங்காய் எண்ணெய், கிழங்கு நூடுல்ஸ் பொட்டலம். கடைசியில் பச்சை மூடி போட்ட டயட் சர்க்கரை டப்பா.

மாரிவிக் ஒவ்வொன்றின் சீட்டையும் படித்துத் தள்ளி வைத்தாள். டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். இன்னொரு சிட்டிகை எடுத்தாள்.

"அந்தத் தூள் நாக்குல பட்டா ஜில்லுன்னு இருக்கும். இது இல்ல. இது கடைச் சர்க்கரை."

ரெனான்டே கை நீட்டினான். அவனும் நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யார் மாத்தினது?" என்றாள் மாரிவிக்.

பெர்னாபேயின் முகம் கறுத்துவிட்டது. "வேற யாரு மேடம்? பயந்தாங்கொள்ளி. என்ன மச்சான், வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் உன் கால்ல விழுந்தா கேட்டேன்?"

ரெனான்டே மூடியை டப்பாவில் வைத்து இறுக்கினான்.

"நான்தான், அத்தான்."

"ஏன்?"

"பயம்."

பெர்னாபே கையை ஓங்கினான். ஓங்கிய கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

மாரிவிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மனசு மாறியிருந்தா என்கிட்ட சொல்லிடுங்க. காரணம் எழுதாமலே உங்க பேரை எடுத்துடலாம்."

"எடுக்காதீங்க. சர்க்கரைய நிறுத்தினா பதினெட்டுக்குள்ள இறங்கிடுமா?"

"நிறுத்தினதும் தண்ணியே ரெண்டு கிலோ போயிடும். மிச்சத்துக்குச் சிரமப்படணும்."

"பட்டுக்கறேன்."

வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் பெர்னாபே தள்ளிப் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தான். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சமையலறையில் லுதிவினா நின்றிருந்தாள். காலையில் சுத்திகரிப்புக்கு ஊசி ஏறிய கையில் இன்னும் கட்டு இருந்தது.

"எவ்வளவுடா?"

"எண்பத்தாறரை."

அவன் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். அவனுக்கு வைத்திருந்த காப்பிக் கோப்பையை இழுத்து, ஒரு கரண்டி அள்ளினாள்.

ரெனான்டே கோப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"இனிமே எதுவும் போடாம குடிச்சுக்கறேன்க்கா."

"கசக்கும்டா."

"கசக்கட்டும். கவலப்படாத. நான்தான் மாத்தினேன்னு அத்தான்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் கரண்டியை அப்படியே கீழே போட்டாள். சர்க்கரை மேசையெல்லாம் சிந்தியது. உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"உன் கிட்னி எனக்கு வேணாம்னு எத்தனை தடவடா சொல்றது உனக்கு? உன் பாப்பா இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கலடா."

ரெனான்டே வெறும் காப்பியை ஒரு மிடறு குடித்தான்.

"அவ நடக்கறப்ப நீ இருக்கணும்க்கா."